சத்தத்துக்கு மட்டும் கையெழுத்து

பஞ்சு என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. சுவரில் பஞ்சுப் பாளங்களை அடைத்து, மேலே பலகை அறைந்து, அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராமல் செய்வது அவன் தொழில். வேலை முடிந்து டீக்கடைக்கு வரும்போது புருவம், மீசை, காது மடல் என்று எல்லா இடத்திலும் வெள்ளை இழை ஒட்டியிருக்கும். முப்பத்து நாலு வயதில் எழுபது வயதுக் கிழவனாக வந்து நின்றவனுக்கு ஒரு தச்சர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் அதன் பிறகு லைசென்ஸ் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பாட்டுப் பதிவு செய்யும் அறை, காது ஆஸ்பத்திரி, பெரிய ஆபீஸ்களில் ஆட்களைக் கூப்பிட்டு வேலையை விட்டுத் தூக்குகிற அறை என்று பலதுக்கும் அவன் சுவர் போட்டிருக்கிறான். ஒரு குடியிருப்போர் சங்கம் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"சத்தம் தாங்க முடியல தம்பி," என்றார் சங்கச் செயலாளர், போனில்.

"என்ன சத்தம் சார்? லிஃப்டா, தண்ணி மோட்டாரா?"

செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மூணாவது மாடி," என்றார்.

மூன்றாவது மாடியில் இடது பக்கம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். வலது பக்கம், தனியாக, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நடுவில் ஒரு செங்கல் சுவர். தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் மருந்துக்கடைக்காரர் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சாப்பிட வருவார். வந்த கால் மணி நேரத்தில் சத்தம் ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு மறுபடி கடைக்குப் போய்விடுவார். மனுஷன் நேரம் தவறாதவர்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. முதலில் அறிவிப்புப் பலகையில், 'மாலை ஏழு முதல் எட்டு வரை அனைவரும் அமைதி காக்கவும்' என்று யார் பெயரையும் போடாமல் ஒட்டியது. இருபது வீடும் அமைதி காத்ததில் அந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. அடுத்து அந்த வீட்டு நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் உறை வாங்கிக் கொடுத்தது. அதற்கும் அடங்கவில்லை என்றதும், ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடியுமா என்று மருந்துக்கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டது. அவர் உடனே சாத்திக்கொண்டார். அவ்வளவு தங்கமான மனுஷன்.

தங்கம்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார். செயலாளருக்குச் சர்க்கரை, தரைத்தளத்து அக்காவுக்கு மூட்டுவலி, டீச்சருக்குப் பிரஷர். யாருக்கு என்ன மாத்திரை, எப்போது தீரும் என்பதை அவரவரைவிட அவர்தான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், "ஏன் சார் அடிக்கிறீங்க?" என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அதனால்தான் பஞ்சு.

முதலில் சத்தத்தை அளக்க வேண்டும். அது அவன் வழக்கம். முன்பு ஒரு முறை வேலையெல்லாம் முடிந்த பிறகு, "இந்த ரூம் முன்னாடியே அமைதியாத்தானே இருந்துச்சு," என்று ஒருவர் கூலி தராமல் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை மீட்டர் வைத்து அளந்து, தேதி, நேரம், எங்கிருந்து, என்ன சத்தம், எவ்வளவு என்று தாளில் எழுதி, கேட்டவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வான்.

ஏழு மணிக்கு டீச்சர் வீட்டுப் படுக்கையறையில் சங்கம் கூடியது. செயலாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தரைத்தளத்து அக்கா தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் மூன்று பேர் சுவரோரம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. டீச்சர் மட்டும் உட்காரவில்லை. கரும்பலகையில் கோடு போடுகிற நீள மர அடிக்கோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னிக்கு லேட்டு போல," என்றார் செயலாளர், கடிகாரத்தைப் பார்த்து. கூப்பிட்ட ஆளின் முன்னால் மானம் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு.

"வரும் சார், ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சே," என்று அக்கா தைரியம் சொன்னாள்.

ஏழு பதினேழுக்கு வந்தது. முதலில் ஆண் குரல், தணிந்து, யாருக்கோ மாத்திரை வேளை சொல்வது போல. பிறகு ஒரு பெண் குரல். பிறகு சுவரில் ஏதோ வந்து மோதியது. மேஜை மேல் இருந்த டம்ளரில் டீ நடுங்கியது.

"எழுபத்தொன்பது டெசிபல்," என்றான் பஞ்சு, மீட்டரைப் பார்த்து.

"அடேயப்பா! அது அதிகமா தம்பி?"

"மிக்ஸிக்குக் கொஞ்சம் கம்மி சார்."

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று செயலாளர் மற்றவர்களைப் பார்த்தார், பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி.

"அது சாப்பாட்டுத் தட்டா இருக்கும்," என்றது ஒரு குரல்.

"தட்டுன்னா கணீர்னு கேக்கும்," என்றாள் அக்கா. "எட்டு மாசமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இது வேற."

பஞ்சுவுக்கு இங்கேதான் தொழில் பெருமை தலைக்கேறியது. "இது காத்து வழியா வர்ற சத்தம் இல்லக்கா. செங்கல் வழியா வருது. இந்தச் சுவத்துல இறங்கித்தான் கீழ் வீடு வரைக்கும் போகுது. கனமா ஒண்ணு நேரா சுவத்துல மோதினாத்தான் இப்படி அமுங்கி வரும்," என்று விளக்கினான். எல்லோரும் தலையாட்டினார்கள். கனமான அந்த ஒன்று எது என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு அது எழுபத்தொன்பது.

டீச்சர் நிலையிலிருந்து நகர்ந்து வந்தார். அடிக்கோலால் சுவரை மூன்று தடவை தட்டினார். டொக், டொக், டொக்.

அந்தப் பக்கம் நின்றது. மீட்டர் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.

"பாவம் டீச்சர்," என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தினம் இப்படித் தட்டித் தட்டிக் கையே ஓஞ்சு போச்சு அவங்களுக்கு. நம்ம எல்லாரையும்விட அவங்களுக்குத்தான் தொந்தரவு ஜாஸ்தி. இந்தச் சுவத்தை முதல்ல பண்ணிடுவோம்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

பஞ்சு தாளில் எழுதினான்: 'இடம்: பக்கத்து வீட்டுப் படுக்கையறை. பெண் குரல், அலறல்: 71. கனமான பொருள் சுவரில் மோதுதல்: 79.' ஆறு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் போட்டார். கடைசியில் பஞ்சு, தன் சொந்தப் பெயரை.

டீச்சர் பக்கத்துச் சுவரில் பாதிக்கு மேல் அலமாரி இருந்ததால், மருந்துக்கடைக்காரர் பக்கம் வேலையை வைத்துக்கொள்வதாக முடிவானது. அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

"என்னால நாலு பேருக்குத் தொந்தரவு வரக்கூடாது தம்பி. நல்லா கெட்டியா பண்ணிடுங்க," என்றவர், பஞ்சு இருமுவதைக் கேட்டுவிட்டு மத்தியானமே ஒரு பாட்டில் மருந்து கொடுத்தனுப்பினார். "இழை தொண்டைக்கு ஆகாது. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு மூடி." இவ்வளவு நல்ல மனுஷனா என்று பஞ்சுவும் ஆச்சரியப்பட்டான். மருந்து இனிப்பாகத்தான் இருந்தது.

அந்த வீட்டம்மா துணி ஆல்டர் செய்கிறவள். பேண்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. தையல் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தது. பஞ்சு முதல் நாள் காலையில் டேப்பை விரித்து அறையை அளந்தபோது அவளே மெஷினை நகர்த்திக் கொடுத்தாள். திரும்பியபோது இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், நீலம் தெரிந்தது.

பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். அவன் பார்த்த மாதிரியும் இருந்துவிட்டு, அதற்கு மேல் இன்னொன்றும் செய்தான்.

"பீரோ இடிச்சிடுச்சாக்கா?" என்றான்.

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆமா. பீரோதான்," என்றாள்.

அந்த அறையில் பீரோ கிடையாது. ஒரு கட்டில், ஒரு மெஷின், ஒரு கொடி. அந்த அறையை அப்போதுதான் நாலு பக்கமும் அளந்து முடித்தவன் அவன். அவள் கஷ்டப்பட்டு ஒரு பொய்யை யோசிக்க வேண்டியதைக்கூட மிச்சப்படுத்தி, ரெடிமேடாக எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அந்த பீரோ அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், தங்கையிடமிருந்து. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து நின்றாள். நெற்றியில் புடைப்பு. "பீரோ இடிச்சிடுச்சு," என்று முதலில் சொன்னாள். ரெண்டு நாள் கழித்து, "பீரோ இல்லண்ணா," என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளை கோவக்காரர், ஆனா நல்லவர்மா. குடும்பம்னா நாலும் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினான். மூன்றாம் நாள் அவனே பைக்கில் கொண்டுபோய் விட்டான். கிளம்பும்போது தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, வாரை இறுக்கி, "தலை பத்திரம்," என்றான். அதை இத்தனை நாளும் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் ஃபிரேம் முடிந்து, பஞ்சு அடைத்து, பலகை ஒவ்வொன்றாக ஏறியது. கடைசிப் பலகையைத் தூக்கும்போது அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ஒரு சின்ன ஓட்டை விட முடியுமா?"

"ஓட்டையா?"

"விரல் அளவு போதும். வெளிய தெரியாம."

பஞ்சு சிரித்துவிட்டான். "அக்கா, இந்த வேலையே ஓட்டை இல்லாம இருக்கறதுதான். விரல் அளவு விட்டாப் போதும், மொத்தச் சுவரும் தண்டம்."

"எனக்குத் தண்டமானாத்தான் நல்லது," என்றாள் அவள். "டீச்சர் மூணு தட்டு தட்டுவாங்க இல்ல? அது கேட்டா அவர் நிறுத்திடுவார். அக்கம்பக்கத்துல ஒருத்தர் முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா அவருக்கு மரியாதை வந்துடும். எட்டு மாசமா அந்த மூணு தட்டுதான் என்னைக் காப்பாத்துது. நீங்க அதை அடைக்கப் போறீங்க."

அவன் கையில் பலகை கனத்தது. டீச்சருக்குத் தொந்தரவு என்று மொத்தச் சங்கமும் இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரம் எது என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சங்கத்துல சொல்லலாமேக்கா..."

"எல்லாருக்கும் கேக்குதே தம்பி. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

பஞ்சு கடைசிப் பலகையை அறைந்து முடித்தான். ஆனால் பிளக் பாக்ஸ் இருந்த இடத்தில், பழைய வயர் போன துளை செங்கல்லின் அந்தப் பக்கம் வரைக்கும் போயிற்று. அதைப் பேஸ்ட் வைத்து அடைக்காமல், மேலே மூடியை மட்டும் திருகிவிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்து, யாருடைய பேண்ட்டையோ மடித்துத் தைத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதனை. இந்த அறையில் ஒரு ஸ்பீக்கரில் 'உஷ்ஷ்' என்று ஒரே சத்தத்தை ஓட விட்டு, டீச்சர் அறையில் மீட்டரைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் இதற்காகவே கடையை விட்டு வந்திருந்தார். செயலாளர் டீச்சர் அறையிலிருந்து போனில் எண் சொன்னார்.

"நாப்பத்தஞ்சு தம்பி! என்னய்யா இது, கேக்குதே! பேப்பர்ல முப்பத்தாறுக்கு மேல வராதுன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"கொஞ்சம் இருங்க சார்..."

"ஆள் தெரியாம கூப்பிட்டுட்டோமோ!" என்று அந்தப் பக்கம் அக்காவின் குரல். யாரோ சிரித்தார்கள். "பேருதான் பஞ்சு, வேலை ஓட்டை!"

பஞ்சுவுக்குக் காது சூடானது. பத்து வருஷத் தொழிலில் அவன் சுவரைப் பார்த்து யாரும் ஓட்டை என்று சொன்னதில்லை.

"பிளக் பாக்ஸ் பின்னாடி பாத்தீங்களா தம்பி?" என்றார் மருந்துக்கடைக்காரர், மென்மையாக. புத்திசாலி. "எனக்கென்னவோ அங்கதான்னு தோணுது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதுக்கு மேல ஆகாது சார் என்றோ, சுவரே பழசு என்றோ, நூறு சாக்கு தொழிலில் உண்டு. எந்தச் சாக்கும் அப்போது வாயில் வரவில்லை. பேஸ்ட் துப்பாக்கிதான் கைக்கு வந்தது. மூடியைக் கழற்றினான்.

"இருட்டா இருக்கே. தம்பிக்கு லைட்டைப் பிடி," என்றார் மருந்துக்கடைக்காரர் மனைவியிடம்.

அவள் டார்ச்சைப் பிடித்தாள். கை ஆடவே இல்லை. துளை பளிச்சென்று தெரிந்தது. பஞ்சு அதில் பேஸ்ட்டைப் பிதுக்கி, விரலால் அமுக்கி, வழவழப்பாகத் தடவி மூடினான். அவ்வளவு நேர்த்தியான வேலையை அவன் அதற்கு முன் செய்ததில்லை.

"முப்பத்தஞ்சு!" என்று போன் அலறியது. "ஒண்ணு கம்மியாவே வந்திருக்கு! அபாரம் தம்பி!" அந்தப் பக்கம் கை தட்டினார்கள். தட்டியது போனில்தான் கேட்டது, சுவர் வழியாக அல்ல.

மீட்டரை எடுக்கப் போனபோது எல்லோரும் போயிருந்தார்கள். டீச்சர் சுவருக்கு முன்னால் நின்று, அடிக்கோலால் மூன்று தடவை தட்டினார்.

"அந்தப் பக்கம் கேக்குமா?"

"கேக்காது டீச்சர்."

"பலமா தட்டினா?"

"இடிச்சாலும் கேக்காது."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும், எனக்குத் தொந்தரவு இல்லடா, நான் அதுக்குத் தட்டலைன்னு. சொல்லியிருந்தா, பின்ன எதுக்குத் தட்டுறீங்கன்னு கேட்டிருப்பாங்க." அடிக்கோலை மடியில் போட்டுக்கொண்டார். "எட்டு மாசமா சுவத்தைத்தான் தட்டினேன். கதவு பக்கத்துலதான் இருந்துச்சு. பத்தடி. ஒரு நாள் போய் அதைத் தட்டல பாரு."

பஞ்சு ஸ்டாண்டை மடக்கினான். மடக்கத் தெரியாதவன் போல ரொம்ப நேரம் மடக்கினான்.

மறுநாள் மாலை ஏணியை எடுக்க வந்தான். காலையிலேயே எடுத்திருக்கலாம். ஏழேகால் மணிக்கு ஏன் வந்தான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. கீழே வாசல் பெஞ்சில் செயலாளரும் அக்காவும் இன்னும் சிலரும் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

"வாங்க தம்பி, வாங்க! ஒரு சத்தம் இருக்கா பாருங்க!" என்றார் செயலாளர்.

இல்லைதான்.

"நேத்தும் இல்ல," என்றாள் அக்கா. "எனக்கென்னமோ ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு தோணுது. அந்தப் பொண்ணும் இப்ப வாயை அடக்கக் கத்துக்கிட்டா போல."

"நீங்க சுவர் கட்டலை தம்பி," என்று செயலாளர் அவன் முதுகில் தட்டினார். "ஒரு குடும்பத்தையே சேர்த்து வெச்சிருக்கீங்க."

கேலி இல்லை, மனசாரச் சொன்னார். பஞ்சு ஏணியை விட்டுவிட்டுப் படியேறினான்.

மூன்றாவது மாடியில், மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே டீச்சர் நின்றிருந்தார், கையில் அடிக்கோல்.

"மூணு தடவை வந்து மூணு தடவை திரும்பிப் போயிட்டேன்," என்றார். "நீ தட்டுப்பா."

"நீங்க பக்கத்து வீடு டீச்சர். நீங்க தட்டினா முறையா இருக்கும்."

"நீ ஆம்பளை."

"நான் வெளியாளு டீச்சர். என்னன்னு சொல்லித் தட்டறது?"

"பிரஷர் மாத்திரை கேக்கலாமா?"

"கேக்கலாம். தீந்துடுச்சா?"

"இல்லையே. இருபது நாளைக்கு இருக்கு."

இப்படி ஒருவருக்கொருவர் வழிவிட்டு, மரியாதை செய்துகொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று இருவருமே பிறகு யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும். இருவருக்கும் கேட்கவில்லை. கதவுக்குக் கீழிருந்த இடுக்கு வழியாக ஏதோ விழுந்து உருளும் சத்தம் மட்டும் லேசாக வந்தது. கதவுக்குப் பஞ்சு வைக்கச் சங்கத்துக்குத் தோன்றவில்லை.

டீச்சர் தட்டினார். மூன்று இல்லை. நிறுத்தாமல் தட்டினார். வகுப்பையே அடக்குகிற தட்டு. கீழே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் சிரிப்பு இருந்தது. "என்ன டீச்சர், மாத்திரையா? நான் வரும்போதே..."

"உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க."

"அவ படுத்துட்டா."

அவர் தோளுக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். காதில் துண்டை அமுக்கியிருந்தாள். துண்டு வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. "தட்டினீங்களா டீச்சர்? எனக்குக் கேக்கவே இல்ல," என்றாள்.

"இப்பதாம்மா தட்டினேன்," என்றார் டீச்சர். கையை நீட்டினார். "வா, வெளிய வா."

அதற்குள் படியெல்லாம் ஆள். "என்ன சத்தம் இது?" என்றபடி வந்த செயலாளர் துண்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "டீச்சர், இது குடும்ப விஷயம். சார் எவ்வளவு நல்லவர்னு உங்களுக்கே தெரியும். நாம பாட்டுக்கு ஒண்ணும் தெரியாம, கேக்காம..."

"அவ வழுக்கி விழுந்துட்டா," என்றார் மருந்துக்கடைக்காரர். "இவ்வளவு நாள்ல யாராவது ஏதாவது கேட்டிருக்கீங்களா? சொல்லுங்க."

அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

பஞ்சு பெரிதாக ஒன்று சொல்ல நினைத்தான். வாய் வரைக்கும் வந்தது, நல்ல கனமான வாக்கியம். ஆனால் வெளியே வந்தது இதுதான்: "சார், என்கிட்ட தாள் இருக்கு."

பையைத் திறந்து அளவுத் தாளை எடுத்தான். தேதி, நேரம் ஏழு பதினேழு, படுக்கையறை, பெண் குரல், அலறல், எழுபத்தொன்று. கீழே ஏழு கையெழுத்து, அவனுடையதும் சேர்த்து. செயலாளர் மட்டும் சங்க முத்திரையும் வைத்திருந்தார்.

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு முதல் தடவையாகப் போனது.

"தம்பி, அது வேற," என்று செயலாளர் தடுமாறினார். "நாங்க சத்தத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டோம்."

"நானும் அதுக்குத்தான் சார் போட்டேன்," என்றான் பஞ்சு. அதைச் சொல்லும்போது அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. 'கனமான பொருள்' என்று அவன் கையால் எழுதியது அவன் கண்ணெதிரே இருந்தது. பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தையை அடிக்கப் போனான்.

டீச்சர் அடிக்கோலை அவன் கை மேல் வைத்தார். "அடிக்காத. அப்படியே இருக்கட்டும். நாம எப்படி எழுதினோம்னு போலீஸ்காரங்களும் பாக்கட்டும்."

அவள் உள்ளே போனாள். மருந்துக்கடைக்காரர் வழியை மறிக்க ஒரு அடி வைத்தார். இத்தனை பேர் முழித்துக்கொண்டு பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அடியைப் பின்வாங்கினார். அவள் சொன்னது சரிதான், மரியாதை வந்துவிட்டது. உள்ளே மெஷினை இழுக்கும் சத்தம் கேட்டது. தனியாக வாசல் வரைக்கும் தள்ளி வந்தாள்.

"நேத்து நான் லைட்டைப் பிடிச்சேன் இல்ல?" என்றாள் பஞ்சுவிடம், சாதாரணமாக. "இப்ப இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தான். பத்தடி தூரம்தான், டீச்சர் வீட்டு வாசலுக்கு. அவன் சுமந்ததிலேயே கனமானது அதுதான். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பாத்து, டைல்ஸ்ல கீறல் விழப் போகுது," என்றார் செயலாளர், பழக்க தோஷத்தில். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காதுக்குள் சவ்வு கிழிந்திருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து நேரே ஸ்டேஷன். டீச்சரும் அவளும் உள்ளே போக, அந்தத் தாளும் அவர்களோடு உள்ளே போனது. "இதுல கையெழுத்துப் போட்ட எல்லாரையும் கூப்பிடணும்," என்று யாரோ உள்ளே சொல்வது வராந்தா வரைக்கும் கேட்டது. அவன் பெயரையும் படித்தார்கள், சொந்தப் பெயரை. அவள் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்றுதான் வழியெல்லாம் பயந்துகொண்டிருந்தான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டான்.

"நல்லா இருக்கேண்ணா," என்றாள் எடுத்ததும். எப்போதும் அப்படித்தான் எடுப்பாள். அவன் எப்போதும், "சரிம்மா," என்று வைத்துவிடுவான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "உங்க வீட்டுல பீரோ எந்த ரூம்ல இருக்கு?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ குறைத்தார்கள், அவள்தான் குறைத்திருப்பாள். அவன் காத்திருந்தான். எந்த மீட்டரிலும் அவ்வளவு தாழ்ந்த எண்ணை அவன் பார்த்ததில்லை.

"நாலு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றாள்.

"நாளைக்குக் காலைல வரேன்," என்றான். "ரெண்டு ஹெல்மெட் எடுத்துட்டு வரேன்."

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. டிவி சத்தம் மறுபடி கூடியது. யாரோ அறைக்குள் வந்திருக்க வேண்டும்.

"நல்லா இருக்கேண்ணா," என்றாள் அவள், சத்தமாக.

பஞ்சு வைக்கவில்லை. போனைக் காதில் இன்னும் இறுக்கி, கேட்டுக்கொண்டே இருந்தான்.